தமிழில் ஒரு முதல் பைத்தான் புத்தகம்: எழுதி அச்சிட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுக்காக எழுதிய வகுப்புக் குறிப்புகள்தான் பிறகு 208 பக்கப் புத்தகமாக ஆயின. புத்தகம் வந்ததிலிருந்து, தாங்களும் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பைத்தானுக்குத் தமிழில் ஏற்கெனவே பாடங்கள் இருக்கின்றனவே, இன்னொரு புத்தகம் எதற்கு?

இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதலே கணினி நுட்பங்களைப் பற்றித் தமிழில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. யூடியூபில் தமிழ் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை.

ஆனால் ஒவ்வொன்றும் ஒருவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பாடநூல், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் மாணவருக்கு. அதற்குத் தேர்வு என்ற கட்டாயமும் உண்டு. என் வகுப்புக்கு வருகிற ஒரு பெண் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை முடித்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் தம்பியின் லேப்டாப்பைத் திறந்து உட்காருகிறார். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அவருக்கான புத்தகம் வேறு. உங்கள் வாசகர் யார், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் படிப்பார் என்று உங்களால் சொல்ல முடிந்தால் நிச்சயம் எழுதுங்கள். ‘எல்லோருக்கும்’ என்றுதான் பதில் வருகிறது என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

நான் பெரிய நிபுணர் இல்லை. எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அதற்கு முன் குறைந்தது பத்துப் பேருக்காவது நேரில் சொல்லிக்கொடுங்கள். தெரிந்தவர் தெரிந்த வரிசையில் எழுதும் புத்தகம் தெரிந்தவருக்கே புரிகிறது. தெரியாதவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதுதான் ஆரம்பப் புத்தகத்தின் வரிசை. அது எந்த நிபுணருக்கும் தானாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏன் பைத்தான்? சி, ஜாவா கூடாதா? எழில் கூடாதா?

எதில் தொடங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானில், முதல் நாளே ஒரு வரி எழுதி விடையைப் பார்க்க முடிகிறது. நான் அதை எடுத்ததற்கு அதுவே முதல் காரணம். ‘எழில்’ முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. குழந்தைகளுக்கு அதைக் காட்டியிருக்கிறேன், மகிழ்ந்து போனார்கள். வேலைக்காகக் கற்க வருகிறவரிடம், நேர்காணலில் கேட்கப்போகும் மொழியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கலைச்சொற்களைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலேயே விடுவதா?

இந்தக் கேள்வியில்தான் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். என் வழி இது: வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொல் இருந்தால் அதுதான் முதலில். ‘மாறி’யைக் கணக்கு வகுப்பிலேயே எல்லோரும் படித்துவிட்டார்கள். ‘சரம்’ இன்னும் அழகு. பூவைத் தொடுத்தால் பூச்சரம். எழுத்துகளைத் தொடுத்தால் அதுவும் சரம். ஸ்டிரிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் படமும் அதுவே என்று சொன்னால் வகுப்பில் முகங்கள் மலர்கின்றன.

‘இனக்குழு’ என்ற சொல்லில் நான் திணறினேன். பாடநூல் கிளாஸ் என்பதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் என் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் மனிதக் கூட்டங்களைப் பற்றித்தான் நினைத்தார்கள். அதனால் ‘கிளாஸ்’ என்றே எழுதினேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் என்பதையும் அப்படியே விட்டேன். பாடநூல் சொல்லும் ‘மடக்கு’ நல்ல சொல்தான். இருந்தாலும் எங்கள் வகுப்பில் யார் வாயிலும் அது வரவில்லை.

அரசின் சொற்குவைத் தளத்தில் தேடிப்பாருங்கள், பள்ளிப் பாடநூலைப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். எடுத்த முடிவைக் கடைசிப் பக்கம்வரை மாற்றாதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ‘செயற்கூறு’, ஏழாம் அத்தியாயத்தில் ‘ஃபங்ஷன்’ என்று வந்தால் இரண்டும் வேறு வேறு என்றுதான் வாசகர் நினைப்பார். இன்னொன்று: ஒவ்வொரு சொல்லும் முதல்முறை வரும் இடத்தில் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை அச்சிடுங்கள். கணினி பிழை சொல்லும்போது ஆங்கிலத்தில்தான் சொல்லும். அந்தச் சொல்லைத் திரையில் அடையாளம் காண அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் என்ன எழுதுவது?

கணினியின் வரலாறு வேண்டாம். பைத்தானை நிறுவுவதை ஒவ்வொரு திரையாகக் காட்டுங்கள். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில், பாத் என்பதில், அதாவது கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில், பைத்தானைச் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டவர்கள் கட்டளைத் திரையில் பைத்தானைக் கூப்பிட்டால் பல நேரம் அது வராது. என்ன தவறு செய்தோம் என்றே தெரியாமல் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்த ஒரு டிக்குக்கு அரைப் பக்கம் கொடுங்கள்.

லேப்டாப் இல்லாதவர்களையும் மறக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு 3 என்ற செயலி இருக்கிறது. பிரவுசரிலேயே கூகுள் கோலாப் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் முதல் இரண்டு மாதம் போனில்தான் எழுதினார்கள். லேப்டாப் வாங்கும் நிலை வந்தபோது கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழையது பார்த்து வாங்கினார்கள்.

உதாரணங்களை எங்கிருந்து எடுப்பது?

வாசகர் ஏற்கெனவே மனக்கணக்காகப் போடும் கணக்கிலிருந்து. எனக்கு மிகவும் கைகொடுத்தது ஏலச்சீட்டு. 20 பேர், ஆளுக்கு 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். இந்த மாதம் ஒருவர் 20,000 தள்ளிச் சீட்டை எடுக்கிறார். அதில் சீட்டு நடத்துபவருக்கு 5,000 கமிஷன். மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. ஆக, இந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 4,250.

இதில் மாறிகள் இருக்கின்றன, கழித்தலும் வகுத்தலும் இருக்கின்றன. 20 மாதத்துக்கும் போட்டுப்பார் என்றால் லூப் வந்துவிடுகிறது. யார் எடுத்தார், எவ்வளவு தள்ளினார் என்று எழுதிவை என்றால் லிஸ்ட் வந்துவிடுகிறது. ஒரே கதையை ஆறு அத்தியாயம் இழுத்துக்கொண்டு போகலாம். விடை சரியா என்று அவரே சொல்லிவிடுவார், ஏனென்றால் சீட்டுக் கணக்கு அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்கப் புத்தகங்களில் வரும் பேஸ்பால் புள்ளிகளையும் டாலர் வரியையும் பெயர் மாற்றி எழுதினால் இந்தத் தைரியம் அவருக்குக் கிடைக்காது.

பிழைச் செய்திகளுக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மூன்று மடங்கு. புத்தகத்தில் இருக்கும் கோட் எல்லாம் ஓடும். வாசகர் எழுதும் கோட் பாதி ஓடாது. அவர் அதிக நேரம் செலவழிக்கப்போவது சிவப்பு எழுத்துகளுக்கு முன்னால்தான்.

என் புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ‘இப்படியும் நடக்கும்’ என்று ஒரு பகுதி வைத்தேன். அங்கே வேண்டுமென்றே தவறான நிரல், அது தரும் செய்தி, அந்தச் செய்தியை வரிவரியாகத் தமிழில் வாசிக்கும் விதம். கடைசி வரியை முதலில் படி, அப்புறம் வரி எண்ணைப் பார், அந்த வரியில் தவறு தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பார் என்று பழக்கினேன். 2021-இல் வந்த பைத்தான் 3.10 முதல் இந்தச் செய்திகள் நன்றாகத் தெளிவடைந்திருக்கின்றன. முக்காற்புள்ளியை விட்டால், அது எதிர்பார்க்கப்பட்டது என்றே சொல்கிறது. மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால், இதைச் சொல்கிறாயா என்று சரியான பெயரைக் காட்டுகிறது. அதனால் பழைய பதிப்பில் எடுத்த படங்களைப் போடாதீர்கள்.

பிழைச் செய்தியே வராத தவறுகள்தான் இன்னும் கொடுமை. பயனரிடம் இரண்டு எண்கள் வாங்கிக் கூட்டச் சொன்னால் 10-உம் 20-உம் சேர்ந்து 1020 ஆகிவிடும். பயனரிடம் கேட்டு வாங்கும் இன்புட் என்ற கட்டளை கொடுப்பது எண் அல்ல, சரம். இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். முதல் வகுப்பிலிருந்து இன்றுவரை இதில் விழாதவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அதனால் விதியைச் சொல்லிவிட்டு உதாரணம் காட்டுவதில்லை. முதலில் 1020-ஐ வரவிடுகிறேன். அவர் ஆச்சரியப்பட்ட பிறகு காரணத்தைச் சொன்னால் மறக்கவே மாட்டார்.

தமிழ் எழுத்துகளையே நிரலில் பயன்படுத்திக் காட்டலாமா?

கட்டாயம். பைத்தான் 3-இல் மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். வயது = 20 என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். மாறிக்கு எந்தப் பெயரும் வைக்கலாம் என்பது அந்த நொடியில் புரிந்துவிடுகிறது. வேலைக்குப் போனால் ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சரங்களில் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று நம்மைக் கேட்டால் மூன்று. பைத்தானைக் கேட்டால் ஐந்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக அது சேமிக்கப்படுகிறது. பைத்தான் அந்தக் குறிகளைத்தான் எண்ணுகிறது. அதே சொல்லைத் திருப்பிப்போடச் சொன்னால் முதலில் தனியாக ஒரு புள்ளி, பிறகு ‘ழிமத’ என்று வரும். ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் ‘திருப்பினாலும் ஒன்றாக இருக்கும் சொல்’ என்ற பயிற்சியை அப்படியே எடுத்து ‘விகடகவி’யைக் கொடுத்தால் விடை தப்பாக வரும். இது தமிழின் குறையும் அல்ல, மாணவரின் குறையும் அல்ல. இதை விளக்க நான் நான்கு பக்கம் எடுத்துக்கொண்டேன். தமிழில் எழுதுகிற நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. எழுத்துகளைத் தமிழ் முறைப்படி பிரிக்க ஓப்பன் தமிழ் என்ற திறந்த நிரல் தொகுப்பு இருக்கிறது, அதையும் காட்டிவிடுங்கள்.

கோப்புகளைப் பற்றிய அத்தியாயத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸில் பெயர்களைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதப்போனால், யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்காவிட்டால் பிழை வரக்கூடும். லினக்ஸில் உட்கார்ந்து எழுதும் ஆசிரியருக்கு இது தெரியவே வராது. கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் உதாரணத்திலும் அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

அச்சகத்தில் கோட் கெட்டுப்போகிறது என்கிறார்களே?

கெட்டுப்போகும், என் முதல் மெய்ப்பே அப்படித்தான் வந்தது. அந்த அச்சகத்தில் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துரு மாற்றியதில் கோட் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருந்தது. அதற்குப் பிறகு பக்கவடிவமைப்பை நானே செய்து பி.டி.எஃப். ஆகக் கொடுக்க முடிவு செய்தேன். கணினிப் புத்தகத்துக்கு அதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன்.

வேறு மூன்று விஷயங்கள். மேற்கோள் குறி: வேர்டு போன்ற மென்பொருள்கள் நேர்க்குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். மின்னூலிலிருந்து அதை நகலெடுத்து ஓட்டினால் பைத்தான் ஏற்காது. தானியங்கித் திருத்தத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள். வரி நீளம்: டெமி அளவுப் பக்கத்தில் 9 புள்ளி சம அகல எழுத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 55 எழுத்துதான் கொள்ளும். பைத்தானின் வழக்கமான 79 எழுத்து வரம்பை நம்பி எழுதினால் வரி மடங்கும், மடங்கினால் உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) போச்சு. பைத்தானில் உள்தள்ளல் அலங்காரம் அல்ல, இலக்கணம். பக்கத்தின் கடைசியில் லூப் தொடங்கி அடுத்த பக்கத்தில் அதன் உடல் வருவதும் கூடாது. எவ்வளவு உள்தள்ள வேண்டும் என்று வாசகருக்குத் தெரியாது.

எந்த மென்பொருளில் வடிவமைப்பது?

ஸீடெக் (XeTeX) என்ற பக்கவடிவமைப்பு மென்பொருள் பழகியவருக்கு அதுதான் சிறந்தது. கோட் கோப்புகளை நேராக ஓட்டிச் சோதித்து, அதே கோப்பைப் பக்கத்தில் சேர்க்கலாம். பழகாதவருக்கு லிப்ரே ஆபிஸ் போதும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் வைத்தேன். கட்டணமில்லை, அச்சில் தெளிவாக விழுகிறது.

எழுதி முடித்த பிறகு யாரிடம் காட்டுவது?

ஒன்றும் தெரியாதவரிடம். தெரிந்த நண்பர்கள் பார்த்து நன்றாக இருக்கிறது என்பார்கள். கோட் தவறுகளையும் சொல்வார்கள். அது வேண்டும்தான். ஆனால் நான் மூன்று பேரை, ஒவ்வொருவராக, அச்சடித்த தாள்களோடு கணினி முன் உட்காரவைத்துப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாய் திறப்பதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

மிகவும் கஷ்டமான மூன்று ஞாயிறுகள் அவை. பைத்தான் திரையில் தானாகவே வரும் மூன்று அம்புக்குறிகளைப் புத்தகத்தில் இருக்கிறதே என்று ஒருவர் கையால் தட்டச்சு செய்தார். ‘இதை இயக்குங்கள்’ என்ற இடத்தில் கார்மெண்ட்ஸ் தோழி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் திரும்பி, “அண்ணா, எதை அமுக்கணும்னு புத்தகம் சொல்லவே இல்லையே” என்றார். உண்மைதான். 40 பக்கம் எழுதியிருந்தேன், எஃப்5 என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. முதல் நான்கு அத்தியாயங்களை மறுபடி எழுதினேன்.

பதிப்பாளரைத் தேடுவதா, சொந்தமாக வெளியிடுவதா?

பதிப்பாளர் கிடைத்தால் விற்பனை அவர் பொறுப்பு. விலையில் 10 சதவீதம் உரிமைத்தொகை என்பதுதான் பொதுவாகப் பேசப்படும் கணக்கு. ஒப்பந்தத்தில் மின்னூல் உரிமை யாருக்கு, பிரதி தீர்ந்தால் உரிமை திரும்புமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

நான் சொந்தமாக வெளியிட்டேன். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் பிரதிக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லிப் பொது நூலகங்கள் என நான்கு இடங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. செய்துவிடுங்கள்; உங்கள் புத்தகம் அங்கே காலத்துக்கும் இருக்கும்.

பக்க எண்ணிக்கையை 16-இன் மடங்காக வைத்தால் அச்சகத்தின் பாரம் கணக்குக்குச் சரியாக வரும்; 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். 208 என்பது 13 பாரம். நான் 300 பிரதி அடித்தேன், பிரதிக்கு 95 ரூபாய் ஆனது, விலை 250 வைத்தேன். கடைக்குக் கொடுத்தால் 35 சதவீதம் கழிவு போய் 162.50 கைக்கு வந்தது. அவ்வளவு பணம் முதலில் போட முடியாவிட்டால், கேட்கும்போது மட்டும் அச்சிட்டுத் தரும் வழி இருக்கிறது. இங்கே பெங்களூரிலேயே போத்தி.காம் இருக்கிறது, சென்னையில் நோஷன் பிரஸ் இருக்கிறது. பிரதிக்கு விலை கூடும், மூலதனம் முடங்காது.

பி.டி.எஃப்.-ஐ இலவசமாகக் கொடுத்தால் அச்சுப் பிரதி விற்குமா?

எனக்கு விற்றது. யாரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வைத்தேன். போனில் படித்துப் பார்த்தவர்களே பிறகு அச்சுப் பிரதி கேட்டு வந்தார்கள், ஏனென்றால் போனிலேயே படித்து அதே போனிலேயே கோட் அடிப்பது பெரிய பாடு.

பெங்களூரில் எங்கே விற்பது?

அவென்யூ ரோட்டுப் புத்தகக் கடைகளில் கேட்டேன். அங்கே ஓடுவது கன்னட, ஆங்கிலப் பாடநூல்கள்தான். நேரடியாகக் கையில் கொடுத்து விற்றதே அதிகம். தமிழ்ச் சங்கம், கோயில் திருவிழா, ஊர்க்காரர்கள் கூடும் வாட்ஸ்அப் குழு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன், அங்கே கடை போடும் பதிப்பகம் ஒன்றிடம் 50 பிரதி கொடுத்துவிடுங்கள்.

கேட்டால் ஏஐ கோட் எழுதித் தருகிறதே, இனி புத்தகம் எதற்கு?

என் மாணவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். வந்த கோட் சீட்டுக் கமிஷனை இரண்டு முறை கழித்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க யாராவது படித்துப்பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்தவராக அவரை ஆக்குவதுதான் நம் வேலை.

புத்தகம் சீக்கிரம் பழசாகிவிடாதா?

நிறுவும் திரைகள் ஆண்டுக்கொரு முறை மாறும். மாறி, லூப், சரம் மாறாது. அதனால் மாறுகிற பகுதியை ஒரே அத்தியாயத்தில் அடக்கி, அதை மட்டும் திருத்தி இணையத்தில் வைக்கிறேன். கோட் எல்லாவற்றையும் தனிக் கோப்புகளாக வைத்திருப்பதால், புதிய பைத்தான் வந்ததும் அக்டோபரில் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். பிழை திருத்தத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தேன். இதுவரை 31 திருத்தங்கள் வந்திருக்கின்றன. முதல் அச்சில் மீதமிருக்கும் பிரதிகளுக்குள் அவற்றை ஒரு தாளில் அடித்து வைத்துத்தான் கொடுக்கிறேன். 117-ஆம் பக்கத்தில் உள்தள்ளல் தவறு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அங்கே நான்கு இடைவெளி விட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.